உட்காரும் எலும்புகள்

வாரம் ஆறு நாள் நின்றே சம்பாதிக்கிறேன்.
கான்கால் துறைமுகத்துக் கொட்டகையில்
சிப்பிகளை எண் வாரியாகப் பிரிக்கிறவள்.
ரப்பர் பூட்ஸுக்குள் கால்கள்
உப்பில் ஊறிய கம்பங்கள்.
ஞாயிறு ஒருநாள்தான் உட்காருகிறேன்.
அதிலும் இப்படி.

முதல் சீட், பழைய பந்தய சைக்கிளோடு வந்தது.
முப்பதாவது கிலோமீட்டரில்
மரத்துப்போனது எது என்று
கடைக்காரனிடம் சொல்ல
எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.
"முன்பக்கம்" என்றேன்.
கூல்வென் விரல் கிரீஸைத் துடைத்தபடி கேட்டான்:
"சீட்டின் முன்பக்கமா, உங்கள் முன்பக்கமா?"
"வலிக்கிற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்."
டியூப் வாங்க நின்றிருந்த பாதிரியார்
சட்டென்று மணிகளை ஆராயத் தொடங்கினார்,
கண்ணாடிப் பெட்டியில் இருந்த
சைக்கிள் மணிகளை.

ஸ்டூலின்மேல் ஒரு நெளி அட்டை.
அதில் முழங்கால் உயர்த்தி உட்காரச் சொன்னான்.
எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள்,
வற்றிய கடலில் மட்டி தோண்டிய இடம்போல.
நாற்பத்தாறு வருடம் என்னைத் தாங்கிய எலும்புகளின்
கையெழுத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
நூற்றுப் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டான்,
நான் சிப்பிக்குப் போடுவதுபோலவே
எனக்கும் ஒரு எண்.

பிறகு நடுவில் பிளந்த சீட்.
பிறகு ஜெல் திணித்த சீட்:
ஏறும்போது தலையணை,
இறங்கும்போது ஈரமாவு.
பிறகு தோல் சீட். பழகிவிடும் என்றார்கள்.
அது என்னைப் பழக்கப் பார்த்தது.
உயரத்தை நான்கு மில்லிமீட்டர் குறைத்தேன்,
இரண்டு கூட்டினேன்,
கம்பத்தில் கறுப்பு டேப் ஒட்டி ஒட்டி
அது குளவியின் வயிறாகிவிட்டது.
முதல் சீட்டைப் பத்து யூரோவுக்கு
பேக்கரி ரோசெனிடம் தள்ளிவிட்டேன்.

செருயேக்குப் போகும் கரைச்சாலை.
எதிர்க்காற்று, சேறு, காற்றாலைகளின் முதுகு.
பசி பொறுக்காமல்
இடக்கையில் சாசேஜ் சுருட்டிய அப்பம்,
வலக்கை ஹேண்டில்பாரின் நடுவே.
கடித்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் போனபின்தான்
உறைத்தது:
வலிக்கவில்லை.
அப்பம் தீர்ந்தது. கைகளை
பிரேக் இருக்கும் தூரத்துக்கு நீட்டினேன்.
உடம்பு தானாகச் சறுக்கி
சீட்டின் மூக்கில் போய்த் தொங்கியது.
உடனே வலி, பழைய இடத்தில், பழைய குரலில்.

சாலை ஓரம் இறங்கி நின்றேன்.
இதை விற்றவன் ரென் நகரத்தில்
கூரை வேய்கிறவன்; ஓடு எடுத்து ஓடு எடுத்து
நீண்டுபோன கைகள்.
இத்தனை மாதமாக நான்
அவன் கைகளை வைத்துக்கொண்டு
என் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
கூடம் கோணல் என்று நான்கு கூடங்களை மாற்றியவள்,
நீட்டிய தோளைப் பார்க்கவே இல்லை.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கழுத்தை
நாற்பது மில்லிமீட்டர் வெட்டினாற்போல்
குட்டையான ஒன்றை மாட்டினான் கூல்வென்.
முழங்கை மடிந்தது.
மூச்சு வயிறுவரை போய்வந்தது.
"உங்கள் அளவுக்கு முதல் சீட்டே சரியாக இருந்தது.
எங்கே அது?"

ரோசென் கதவைப் பாதிதான் திறந்தாள்.
"எனக்கு அது பூப்போல இருக்கிறதே" என்றாள்.
முப்பது யூரோ என்றேன். சிரித்தாள்.
கடைசியில் மூன்றாம் எண்ணில் நான்கு டஜன்,
கூடவே அந்த ஜெல் சீட்.
ஜெல்லை அழுத்திப் பார்த்துவிட்டு
சிப்பி மட்டும் போதும் என்றாள்.

நேற்று எழுபது கிலோமீட்டர்.
சொல்ல ஒன்றுமில்லை.
காற்றாலைகளுக்கு இறக்கை எத்தனை என்று எண்ணினேன்,
ஒரு நாய் துரத்தியது,
மழை வந்தது, நின்றது.
உட்கார்ந்திருக்கிறேன் என்பதே
திரும்பி வந்து
இறங்கும்போதுதான் ஞாபகம்.

ஆனாலும் ஆலன் சாவி பையில்தான் கிடக்கிறது.
சீட்டின் மூக்கு
ஒரு மயிரிழை மேலே நிற்கிறதோ என்று
இன்று காலை கொட்டகையில் நின்றபடி
ஒரு சந்தேகம்.